யோசனை சொன்ன நீதிபதி

எல்லோருக்கும் வணக்கம். கரீபியன் தலைமை நீதிபதி ஒருவரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "அங்கே யார் சார் நீதிபதி, சோபர்ஸா?" என்று நண்பர் கேட்டார். கிரிக்கெட் வீரர் சோபர்ஸ் பார்படோஸ்காரர். நான் பேசவிருக்கும் ஹியூ வுடிங்கின் பெற்றோரும் பார்படோஸிலிருந்து திரினிடாடுக்கு வந்தவர்கள்தான். நண்பருக்கு அவ்வளவு ஆறுதல் போதும்.

வுடிங் 1904இல் திரினிடாடில் பிறந்தார். அப்போது அது ஆங்கிலேயக் காலனி. குவீன்ஸ் ராயல் கல்லூரியில் படித்து, காலனி அரசின் உதவித்தொகை பெற்று லண்டனுக்குக் கப்பலேறினார். மிடில் டெம்பிள் என்ற லண்டன் வழக்கறிஞர் சங்கத்தில் சேர்ந்து வழக்கறிஞரானார். 1927இல் ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினார். வருமானம் கொழித்தது. நடுவில், 1943இல், தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் மேயராகவும் இருந்தார். இதையெல்லாம் வேகமாகத் தாண்டிவிடுகிறேன். வெற்றி பெற்ற வக்கீலின் கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

1962 ஆகஸ்ட் 31 அன்று திரினிடாட் டொபேகோ விடுதலை பெற்றது. அந்த ஆண்டே வுடிங் தலைமை நீதிபதியானார். கையில் புத்தம்புதிய அரசியலமைப்பு. அதில் அடிப்படை உரிமைகளின் பட்டியல். அந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்று முதன்முதலாகச் சொல்ல வேண்டிய வேலை அவருடையது.

சோதனை சீக்கிரமே வந்தது. 1965இல் கரும்புத் தோட்டங்களில் கொந்தளிப்பு. பிரதமர் எரிக் வில்லியம்ஸின் அரசு அங்கே நெருக்கடி நிலையை அறிவித்தது. கையோடு தொழில் நிலைப்படுத்தல் சட்டம் என்று ஒன்றை அவசரமாக நிறைவேற்றியது. தொழில் தகராறுகளுக்குத் தனி நீதிமன்றம் வந்தது. வேலைநிறுத்தம் செய்வது கிட்டத்தட்ட முடியாத காரியம் ஆனது. காலிமோர் என்ற தொழிலாளியும் இன்னொருவரும் வழக்குப் போட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி: சங்கம் சேர உரிமை உண்டு என்று அரசியலமைப்பு சொல்கிறது, வேலைநிறுத்தம் செய்ய முடியாத சங்கம் என்ன சங்கம்?

வுடிங் ஒப்புக்கொள்ளவில்லை. பொது நோக்கத்துக்காகக் கூடுவது உரிமை, சரி. அப்படிக் கூடியவர்கள் செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் அதே பாதுகாப்பு கிடையாது என்றார். நம் உச்ச நீதிமன்றமும் 1961இல் வங்கி ஊழியர் வழக்கில் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லியிருந்தது. எனக்கு அந்தத் தர்க்கத்தில் முழு உடன்பாடு இல்லை. நாக்கை வைத்துக்கொள், பேசாதே என்பது போல இருக்கிறது. ஆனால் தீர்ப்பு நின்றது. கடைசி மேல்முறையீட்டைக் கேட்கும் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயும் நின்றது. விடுதலை வாங்கிய பிறகும் ஏன் லண்டன் என்கிறீர்களா? அதற்கு அப்புறம் வருகிறேன்.

1968இல் பதவியிலிருந்து இறங்கினார். இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. தீர்ப்பு சொன்னால் ஊர் கேட்டாக வேண்டும். யோசனை சொன்னால்?

அங்குவிலா என்று ஒரு குட்டித் தீவு. செயின்ட் கிட்ஸ் என்ற இன்னொரு தீவோடு தங்களை ஒட்டவைத்தது பிடிக்காமல், 1967இல் அங்கிருந்து வந்த போலீஸ்காரர்களை மக்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1969 மார்ச்சில் பிரிட்டன் பாராசூட் படையையே இறக்கியது. எதிர்த்துச் சண்டை போட ஆள் இல்லை, உலகமே சிரித்தது. பிறகு ஒரு விசாரணைக் குழு அமைத்து வுடிங்கைத் தலைவராக்கினார்கள். பிரிய வேண்டாம், சேர்ந்தே இருங்கள் என்றது அவரது அறிக்கை. அங்குவிலாக்காரர்கள் முடியாது என்றார்கள். 1980இல் முறைப்படியே பிரிந்தும் போனார்கள்.

சொந்த ஊரிலும் அதே கதை. 1970இல் திரினிடாடில் கறுப்பர் எழுச்சி, ராணுவத்துக்குள் கலகம், நெருக்கடி நிலை. 1971 தேர்தலை முக்கிய எதிர்க்கட்சிகள் புறக்கணித்தன. ஆளுங்கட்சி 36 இடங்களையும் பிடித்தது. எதிர்க்கட்சியே இல்லாத நாடாளுமன்றம்! அரசியலமைப்பை மாற்றி எழுத வுடிங் தலைமையில் குழு அமைந்தது. ஊர் ஊராகப் போய் மக்களைக் கேட்டார்கள். 1974 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார்கள். முக்கியமான யோசனை, வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடம் கொடுக்கும் முறையைத் தேர்தலில் கலப்பது. வில்லியம்ஸ் அதைத் தூக்கி எறிந்தார். நாடு குடியரசாக வேண்டும் என்றதை மட்டும் ஏற்றார், 1976இல் ஆனது. அதைப் பார்க்க வுடிங் இல்லை. 1974 ஜூலையிலேயே இறந்துபோனார்.

ஆனால் தலைமை நீதிபதியாக இருந்தபோதே சட்டக் கல்வி பற்றி ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கியிருந்தார். நம் பிள்ளைகள் வக்கீலாக லண்டன் போய், இன்ஸ் ஆஃப் கோர்ட் என்ற வழக்கறிஞர் சங்கங்களில் கணக்குப்படி விருந்து சாப்பிட்டுவிட்டு வர வேண்டாம். இங்கேயே பட்டப்படிப்பு, பிறகு இங்கேயே தொழிற்பயிற்சி என்றது அந்தக் குழு. இதைக் கேட்டார்கள். 1970இல் பார்படோஸில் மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் சட்டப்புலம் வந்தது. 1975இல் திரினிடாடின் செயின்ட் அகஸ்டினில் ஒரு சட்டப்பள்ளி திறந்தது. அதற்கு ஹியூ வுடிங் பெயரையே வைத்தார்கள்.

சரி, லண்டனுக்கு வருகிறேன் என்றேன். 2005 முதல் கரீபியன் நீதிமன்றம் போர்ட் ஆஃப் ஸ்பெயினிலேயே இருக்கிறது. பார்படோஸும் கயானாவும் தங்கள் கடைசி மேல்முறையீட்டை அங்கே கொண்டுவருகின்றன. ஆனால் அந்த நீதிமன்றத்தைத் தன் தெருவிலேயே வைத்திருக்கும் திரினிடாட், இன்னும் பிரிவி கவுன்சிலுக்குத்தான் போகிறது. வுடிங் பெயரிலுள்ள பள்ளியில் படித்து வந்தவர்களும் கடைசி வாதத்துக்கு லண்டனைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.