கல்கிசைக் குன்றின் வீடும் கிணற்றடிப் பெண்ணும்

எல்லோருக்கும் வணக்கம். வெளியே மழை இருட்டிக்கொண்டு வருகிறது, தூரம் போக வேண்டியவர்களும் இருக்கிறீர்கள், அதனால் நேரே கதைக்கு வந்துவிடுகிறேன்.

இந்த வெள்ளவத்தையில் 101 பஸ்ஸில் ஏறினால் தெஹிவளை தாண்டியதும் கல்கிசை. இன்றைக்கு அது நகரத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. ஆனால் 1806இல் பிரித்தானிய ஆளுநர் சேர் தோமஸ் மெயிட்லண்ட் அங்கே கடலோரக் குன்றில் வீடு கட்டியபோது, அது கொழும்புக் கோட்டையில் இருந்து ஏறத்தாழ 12 கிலோமீற்றர் தள்ளி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்த நாட்டுப்புறம். வேலை கோட்டையில், ஓய்வு குன்றில்.

அந்த வீட்டில் நடந்த ஒரு விருந்தில்தான் லொவினா என்ற பெண் ஆட வந்தாளாம். போர்த்துக்கேய, சிங்கள இரத்தம் கலந்தவள், தகப்பனின் ஆட்டக் குழுவோடு வந்தவள். ஆளுநர் மனதைப் பறிகொடுத்தார். ஊரறிய ஏற்றுக்கொள்ள முடியாத உறவு. அதனால் அவள் வீட்டுக் கிணற்றில் இருந்து ஆளுநர் வீட்டு வைன் நிலவறை வரை ஒரு சுரங்கம் வெட்டி, இரவில் அந்த வழியாக அவளை வரச் செய்தாராம். கல்கிசையின் ஆங்கிலப் பெயரான மவுண்ட் லவினியா என்பதே அவளால் வந்தது என்பார்கள். லிஹினியா என்ற சிங்களப் பறவைப் பெயரில் இருந்து வந்தது என்பவர்களும் உண்டு.

கிணறு என்றாலே நமக்கு நல்லதங்காள் நினைவு வந்துவிடும், இல்லையா? எங்கள் அம்மம்மாவுக்கும் அப்படித்தான். கல்கிசையில் ஒரு பழைய வளவில் நாங்கள் வாடகைக்கு இருந்த காலத்தில், பொழுது படுமுன் தண்ணீர் அள்ளி வைத்துவிடுவார், இருட்டினால் கிணற்றடிக்கு யாரையும் விடமாட்டார், அங்கே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடவும் விடமாட்டார். சுரங்கத்தால் வந்த பெண் இன்னும் வழி தேடுகிறாள், பெயர் கேட்டால் திரும்பிப் பார்ப்பாள் என்பார். பக்கத்து வீட்டுச் சிங்கள ஆச்சி சொன்னது வேறு: வெள்ளை உடுத்து, கைக்குழந்தையோடு, கொஞ்சம் பிடியுங்கள் என்று கேட்கும் மோகினி. இரண்டையும் கலந்து நாங்கள் பயந்தோம்.

ஒருநாள் அண்ணாவோடு குன்றுக்குக் கீழே பாறைகளடியில் இருந்தபோது சலங்கைச் சத்தம் கேட்டது. சத்தியமாகக் கேட்டது! ஓடவில்லை, கால் எழும்பவில்லை. அலை பின்வாங்கும்போது சிப்பிகளும் முருகைக்கல் துண்டுகளும் பாறை இடுக்கில் உருண்டு எழுப்பிய ஒலி அது. குனிந்து கையை வைத்துப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. ஆனாலும் அம்மம்மாவின் கதை எனக்குப் பொய்யாகவில்லை.

ஏனென்றால் பாருங்கள், மெயிட்லண்டின் வாழ்க்கை எழுத்தில் இருக்கிறது. 1798இல் ஹெயிட்டியில் அடிமைகளின் புரட்சித் தலைவர் துசான் லூவர்த்தூரோடு பேச்சு நடத்தியது, 1805இல் இலங்கைக்கு வந்தது, 1811இல் போனது, அப்புறம் மோல்ட்டாவில் ஆளுநராக இருந்து 1824இல் அங்கேயே இறந்தது, கடைசிவரை திருமணம் செய்யாதது, எல்லாம். லொவினாவுக்கு இருப்பது வாய்க்கதை மட்டும். நான் கேட்ட ஒரு பேய்க்கதையிலும் ஆளுநர் நடமாடவில்லை, எப்போதும் அவள்தான் நடக்கிறாள். அந்த வீட்டில் சமைத்தவர்கள், பந்தம் பிடித்தவர்கள், குதிரை பார்த்தவர்கள், இவர்கள் தங்களுக்குள் பேசிப் பேசித்தான் அவளை மறக்காமல் வைத்திருந்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

வீட்டின் மிச்சக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். பின்னால் வந்த ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் அதைப் பெரிய மாளிகையாக்கினார், 1842இல் அரசு விற்றது, ரயில் பாதை வந்த பிறகு ஹோட்டலானது, இரண்டாம் உலகப்போரில் படையினரின் ஆஸ்பத்திரியாகவும் இருந்தது. இத்தனை கைமாறியும் அவள் பெயரை யாராலும் எடுக்க முடியவில்லை.

இந்த மண்டபத்தில் கல்கிசை, இரத்மலானைப் பக்கம் வளர்ந்த அம்மாமார், ஐயாமார் பலர் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் அவளை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள், எந்தக் கிணற்றைக் காட்டினார்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். கொப்பி கொண்டுவந்திருக்கிறேன். மழை விடும்வரை இங்கேதான் இருப்பேன்.