முதல் இ-சைக்கிள் வாங்கப் போறீங்களா? மோட்டரை ஆஃப் பண்ணிட்டு ஒரு ரவுண்டு மிதிங்க!

வணக்கம் மக்களே! இன்னைக்கு மதுரை திருநகர்ல எங்க வீட்டு வாசல்ல இருந்து பேசுறேன். பக்கத்துல நிக்குது பாருங்க, அம்மாவோட எலக்ட்ரிக் சைக்கிள். வாங்கி 14 மாசம் ஆச்சு. அம்மா பழங்காநத்தத்துல தையல் கடை வச்சிருக்காங்க. கல்யாணமான நாள்ல இருந்து சைக்கிள்தான். இப்ப முழங்கால் வலி. ஸ்கூட்டர் ஓட்டப் பயம், லைசென்சும் கிடையாது. அதனாலதான் இது.

கடைக்குப் போனதும் எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடும்?" நானும் அதைத்தான் கேட்டேன். இப்ப கேட்டா, அதைக் கடைசியா கேளுங்கன்னு சொல்வேன். முதல்ல மோட்டரை ஆஃப் பண்ணச் சொல்லி, வெறும் காலால ஒரு தெரு மிதிச்சுப் பாருங்க. என்னைக்காவது ஒரு நாள் பாதி வழியில சார்ஜ் தீர்ந்துதான் போகும். அன்னைக்கு அது வெறும் சைக்கிள்தானே? கடையில முதல்ல காட்டுனது தடி டயர் போட்ட மாடல், பாக்க அவ்வளவு அழகு. மோட்டர் இல்லாம அம்மாவால பத்தடி நகத்த முடியலை. அதை அங்கேயே விட்டுட்டோம். இது 24 கிலோ. கனம்தான், ஆனா மிதிக்க முடியுது.

முழங்கால் வலிக்காரங்க ஒண்ணு கவனிங்க. பெடல் கீழ போறப்போ கால் லேசா மட்டும் மடங்கியிருக்கணும். சீட்டு அந்த உயரத்துக்கு ஏறலைன்னா, எவ்வளவு நல்ல மோட்டர் இருந்தாலும் வலி குறையாது.

அடுத்தது சென்சார். இந்த பெடல் அச்சுக்கிட்ட ஒரு வட்டத் தகடு தெரியுதா? இதுல சின்னச் சின்னக் காந்தம் இருக்கு. பெடல் சுத்துதா இல்லையான்னு மட்டும்தான் இதுக்குத் தெரியும், நாம எவ்வளவு அழுத்துறோம்னு தெரியாது. அதனால மோட்டர் கொஞ்சம் தாமதமா இழுக்கும், நாம நிறுத்துன பிறகும் ஒரு நொடி தள்ளும். முதல் வாரம் அம்மா சந்துல மெதுவா திரும்புறப்போ சட்டுனு முன்னாடி இழுத்துடுச்சு. பதறிப்போய் பிரேக்கைப் பிடிச்சாங்க. லீவரைத் தொட்டதும் மோட்டர் கட் ஆகுற மாதிரி உள்ள ஒரு சுவிட்ச் இருக்கு, அதனால நின்னுச்சு. அந்த கட்-ஆஃப் இல்லாத வண்டியை வீட்டுப் பெரியவங்களுக்குத் தயவுசெஞ்சு வாங்காதீங்க. டார்க் சென்சார்னு இன்னொண்ணு இருக்கு. கால் அழுத்தத்தைப் பாத்து அதுக்கேத்த மாதிரி உதவும். விலை கூட, ஆனா ஓட்ட இதமா இருக்கும்.

லைசென்ஸ், பதிவு எதுவும் வேணாம்னா மோட்டர் 250 வாட்டுக்குள்ள, வேகம் 25 கிலோமீட்டருக்குள்ள, பேட்டரி இல்லாம எடை 60 கிலோவுக்குள்ள இருக்கணும். "ஸ்பீடு லாக்கை எடுத்துத் தர்றோம்"னு யாராவது சொன்னா வேணாம்னுடுங்க. அப்புறம் அது மோட்டார் வாகனக் கணக்குல வந்துடும்.

இப்ப தூரம். பேட்டரி மேல 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-அவர்னு போட்டிருக்கு. ரெண்டையும் பெருக்குங்க, சுமார் 280 வாட்-அவர். பேட்டரி எவ்வளவு சக்தியைத் தாங்கும்ங்கிற கணக்கு இதுதான். மிதிக்காம திராட்டில்லயே போனா எங்களுக்கு 20 கிலோமீட்டர் சொச்சம் வருது, மிதிச்சுக்கிட்டே போனா 35. எந்தக் கடையிலயும் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாத்துதான் ஒண்ணோட ஒண்ணை ஒப்பிடணும். பேட்டரி கழட்டுற மாதிரி இருக்கட்டும், மாடி வீட்டுக்காரங்களுக்கு அது ரொம்ப முக்கியம். வெயில்ல வந்ததும் சார்ஜ் போடாதீங்க, ஆறட்டும்.

சேலை கட்டுறவங்களுக்கு ஒரு விஷயம். இதுல சேலை கார்டு வரலை. பின் சக்கரத்துல முந்தானை போச்சுன்னா என்னாகும்னு சொல்லவே வேணாம். ஓட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வலை அடிச்சுட்டோம், இங்க பாருங்க.

கடைசியா பஞ்சர். மோட்டர் பின் சக்கரத்து நடுவுலயே இருக்கு. முதல் பஞ்சர் அன்னைக்கு ரெண்டு கடையில ஒயரைப் பாத்துட்டு "இது நமக்கு வேணாம்மா"ன்னுட்டாங்க. அம்மா கால் வலியோட தள்ளிக்கிட்டே வந்தாங்க. எனக்கு அன்னைக்கு மனசே ஆறலை. மூணாவதா எங்க தெருமுனைக் கடை அண்ணன்தான், சக்கரத்தைக் கழட்டாமலே டயரை ஒரு பக்கம் மட்டும் நெம்பி, டியூபை வெளிய இழுத்து ஒட்டிக் குடுத்தார். பஞ்சருக்கு அது போதும். டியூபே மாத்தணும்னாத்தான் கழட்டணும். கிட்ட வந்து பாருங்க, மோட்டர் ஒயரைச் சேக்குற இந்த கனெக்டர்ல ரெண்டு அம்புக்குறி இருக்கா? திருகக் கூடாது, நேரா இழுக்கணும். திருகுனா உள்ள இருக்குற ஊசி மாதிரி பின் வளைஞ்சுடும். மாட்டுறப்போ அம்பும் அம்பும் நேரா வரணும். அப்புறம் அச்சு நட்டு, இதுக்கு 18 சைஸ் ஸ்பேனர். வாஷரை எந்த வரிசையில கழட்டுறோமோ அதே வரிசையில மாட்டணும், அதான் போன்ல ஒரு போட்டோ எடுத்துக்குவேன்.

போன மாசம் டியூப் மாத்த வேண்டி வந்துச்சு. அண்ணன் கடையில உக்காந்து ரெண்டு பேரும் சேர்ந்து கழட்டுனோம். முக்கால் மணி நேரம் ஆச்சு. முடிச்சுட்டு அவர் சொன்னார், "அடுத்த தடவை நீங்க வர வேணாம் தம்பி, அம்மாவையே அனுப்புங்க. நான் பாத்துக்கிறேன்."