டயருக்குள் பச்சைப் பசை: 69 அடி தண்ணீரை ஒரு பிடி வைக்கோல் அடைக்குமா?

வணக்கம் மக்களே. இந்தச் சட்டையைக் கொஞ்சம் பாருங்கள். காலரிலிருந்து மூன்றாவது பட்டன் வரைக்கும் பச்சை. பெயிண்ட் இல்லை, டயர் சீலண்ட், அதாவது பஞ்சர் ஓட்டையைத் தானே அடைக்கும் என்று டயருக்குள் ஊற்றுகிற பசை. போன ஞாயிற்றுக்கிழமை என் பைக்கின் பழைய டியூப்லெஸ் டயரில் நானே ஆணி அடித்து, நானே பிடுங்கி, அதோடு நிறுத்தாமல் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் கையில் எடுத்தேன் பாருங்கள், அதற்குக் கிடைத்த பரிசு இது. அந்தக் காட்சி பின்னால் வருகிறது, வீடியோவைத் தள்ளித் தள்ளிப் பார்க்காதீர்கள்.

இந்தப் பசை நிஜமாகவே பஞ்சரை அடைக்குமா என்ற சந்தேகம் எனக்கு வந்த இடம் வெண்ணாற்றங்கரை ரோடு. ராத்திரி ஒன்பதரை மணி, ஐப்பசி மழை, பின்னால் வீட்டுக்காரம்மா, அவர் மடியில் ஒரு கூடை. பின் டயர் பஞ்சர். இரண்டு பக்கமும் வயல், தவளைச் சத்தம், ஒரு டீக்கடைகூட கிடையாது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் கேட்டது ஒரே கேள்வி: “அந்த ஜெல்லு ஏதோ ஊத்துறாங்களாமே, அதை ஊத்தித் தொலைச்சா என்ன?”

சரி, ஊற்றித் தொலைத்தேன். அதற்கு முன்னால் வரலாறு சொல்ல வேண்டுமாம்: காற்றடைத்த டயருக்கு டன்லப் காப்புரிமை வாங்கியது 1888-இல், ஆணி அதற்கும் முன்னாலேயே இருந்தது. முடிந்தது வரலாறு.

இப்போது விஷயம். நம் பக்கத்தில் வயலில் கால் வைத்த யாருக்கும் சீலண்டைப் பற்றிப் பாடம் எடுக்கவே தேவையில்லை. நண்டு வளையை அடைத்திருக்கிறீர்களா? நட்ட வயலில் தண்ணீர் கட்டியிருக்கும், காலையில் போய்ப் பார்த்தால் பக்கத்து வயல்காரர் சிரித்துக்கொண்டு நிற்பார், நம் தண்ணீர் முழுக்க அவர் வயலில். வரப்பில் நண்டு ஓட்டை போட்டிருக்கும். எங்கள் அப்பா வெறும் சேற்றை அப்ப மாட்டார், அது கரைந்து போய்விடும். வெறும் வைக்கோலையும் திணிக்க மாட்டார், அது சல்லடை மாதிரி ஒழுகும். ஒரு பிடி வைக்கோலைச் சேற்றில் புரட்டி, முறுக்கி, தண்ணீர் நிற்கிற பக்கத்திலிருந்து உள்ளே திணிப்பார். நான் சின்னப் பையனாக இருந்தபோது தண்ணீர் வெளியே வருகிற பக்கம் நின்றுகொண்டு அடைத்தேன், அடைக்க அடைக்கத் துப்பியது. “தண்ணியோட சண்டை போடாதடா, அதையே வேலை வாங்கு” என்றார். உள்ளே இருந்து திணித்தால், தள்ளுகிற வேலையைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும், ஓட்டைக்குள் இன்னும் இறுக்கமாகப் போய் உட்காரும்.

சீலண்ட் பாட்டிலில் இருப்பதும் இதேதான். கிளைக்கால் என்கிற கொழகொழப்பான திரவம், அதில் மிதக்கிற நார், பொடிப் பொடியான ரப்பர். நார்தான் வைக்கோல், ரப்பர்ப் பொடிதான் சேறு. ஆணி விட்டுப்போன ஓட்டை வழியாகக் காற்று வெளியே ஓடும்போது பசையையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது, நார் குறுக்கே சிக்குகிறது, பொடி அதன்மேல் அடைகிறது, காற்றே அதை அழுத்திப் பிடிக்கிறது. இன்னொரு வகையில் கிளைக்காலுக்குப் பதில் ரப்பர் மரத்துப் பால் இருக்கும், அது வெளிக்காற்று பட்டதும் திரிந்து உறையும்.

அந்த அழுத்தம் எவ்வளவு தெரியுமா? பைக் டயரில் 30 பி.எஸ்.ஐ. காற்று என்றால் அது 69 அடி ஆழத் தண்ணீர் கொடுக்கிற அழுத்தம். மேட்டூர் நீர்மட்டம் 69 அடி என்று செய்தியில் கேட்டால் நமக்கு வயிறு கலங்கும், ஜூன் 12-இல் திறப்பார்களா மாட்டார்களா என்று. அவ்வளவு தண்ணீருக்கு அடியில் இருக்கிற அழுத்தத்தை ஒரு சிட்டிகை நாரும் பொடியும் தாங்குகின்றன. எனக்கு இது இன்னமும் ஆச்சரியம்தான். மேட்டூர் நிரம்பி 120 அடி நின்றால் 52 பி.எஸ்.ஐ. என் பைக் டயருக்கு அது தாங்காது, முயற்சி செய்யாதீர்கள்.

இன்னொரு கணக்கும் போட்டேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் பைக் டயர் சுற்றும்போது உள்ளே இருக்கிற பசை தன் எடையைப் போல ஏறத்தாழ 90 மடங்கு விசையோடு வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. கால் கிலோ ஊற்றியிருந்தால் 22 கிலோ கனத்துக்கு, ரோட்டில் படுகிற அந்த அடிப்பட்டை முழுக்க அப்பிக்கொள்கிறது. அதனால்தான் அங்கே ஆணி ஏறினால் பசை தயாராக இருக்கிறது. அதனாலேயே டயரின் பக்கவாட்டுச் சுவரில் பசை போய் நிற்பதே இல்லை.

இப்போது காட்சி. [திரையில்: கொல்லைப்புறம், பழைய டயர், சுத்தியலோடு நான், பக்கத்தில் மாப்பிள்ளைப் பையன்] இரண்டு அங்குல ஆணி, நேராக உள்ளே. பிடுங்கியதும் புஸ்ஸென்று பச்சையாக நுரை, சக்கரத்தைக் கையால் சுற்றினோம், நான்காவது சுற்றில் நுரை சின்னதாகி நின்றுவிட்டது. 29 இருந்த காற்று 25. மறுநாள் காலையிலும் 25. சத்தியமாக நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்து பக்கச் சுவரில் ஸ்க்ரூ டிரைவர். அதன் விளைவுதான் இந்தச் சட்டை. கையால் சுற்றினோம், கீழே சாய்த்தோம், மேலே தூக்கினோம், நிற்கவே இல்லை. சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி விரிகிற இடம், அடைப்பு பிடித்தாலும் பிய்ந்துவிடும். கொள்ளிடத்தில் கரை உடைத்துக்கொண்டால் சவுக்குக் கட்டையும் மணல் மூட்டையும் கொண்டு ஓட வேண்டும், அங்கே போய் ஒரு பிடி வைக்கோலோடு நின்றால் ஆற்றோடு நாமும் போக வேண்டியதுதான்.

விளம்பரத்தில் முப்பது ஆணி அடித்துக் காட்டுகிறார்களே என்பீர்கள். எல்லாமே அடிப்பட்டையில், எல்லாமே மெல்லிய ஆணி, பசையும் அன்று ஊற்றியது. அதோடு அந்தப் புகழில் பாதி டியூப்லெஸ் டயருக்குச் சேர வேண்டியது, ஆணி உள்ளேயே இருந்தால் அது பசை இல்லாமலும் மெதுவாகத்தான் காற்றை விடும்.

டியூப் வண்டிக்காரர்களே, எக்ஸ்எல்லில் நெல் மூட்டை ஏற்றிப் போகிறவர்களே, உங்களுக்கு என்னால் தைரியம் சொல்ல முடியாது. டியூப் ஊதிய பலூன் மாதிரி இழுபட்டு நிற்கிறது, ஓட்டை விழுந்தால் அகலத்தான் பார்க்கும். ஆணி உள்ளே அசைந்து அசைந்து கிழிக்கும், வால்வு அடியில் பிய்ந்தால் அவ்வளவுதான். சின்ன முள் என்றால் நிற்கும். ஆனால் அதை அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பாட்டிலில் போட்டிருக்கிற காலக்கெடு. கிளைக்கால் வகைக்குப் பொதுவாக இரண்டு வருடம், பால் வகை நம் வெயிலுக்குச் சில மாதங்களிலேயே காய்ந்து தோலாகிவிடும். காற்று பார்க்கும்போது வால்வு மேல்பக்கம் இருக்கட்டும், கீழே வைத்துப் பார்த்தால் பசை வந்து வால்வு பின்னை அடைக்கும்.

எங்கள் ஊர்ப் பஞ்சர் கடை அண்ணனிடம் கேட்டேன். “தம்பி, நல்லதுதான். ஆனா கழட்டுறப்ப என் கடையே பச்சையாயிடுது, துடைச்சுக் காய வைக்காம பேட்ச் ஒட்டாது, அந்தக் காசையும் நீங்க தர மாட்டீங்க” என்றார். டயருக்குள் பசை இருப்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேனில் அடித்து ஏற்றுகிற வகை என்றால் கண்டிப்பாகச் சொல்லுங்கள், சிலவற்றில் தீப்பிடிக்கிற வாயு இருக்கும்.

நான் இப்போது ஓட்டுகிற டயரையும் அவரிடமே கழற்றச் சொன்னேன். ஏழு மாதமாக ஒரு பஞ்சரும் இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு நின்றேன். அவர் துணியால் துடைத்துவிட்டு டயரின் உள்பக்கத்தை விரலால் தடவினார். கட்டிங் பிளேயரை எடுத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றும் உள்ளேயே இருந்து துருப்பிடித்திருந்தன, ஒன்றைச் சுற்றி டயரின் நூலிழை ஈரம் ஏறிக் கறுத்துப் போயிருந்தது. இந்த டயரோடு நான் தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் 70 கிலோமீட்டர் வேகத்தில் போய் வந்துகொண்டிருந்தேன்.

மூன்றில் இரண்டு சாதாரண ஆணி. மூன்றாவது இதோ, கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். மாட்டு லாட ஆணி. எங்கள் தெருவில் இப்போது மாட்டுவண்டியே கிடையாது, இது எந்த ரோட்டில் ஏறியிருக்கும் என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.