வேலியோரப் பள்ளிகளைக் காத்தவர்கள் பெற்றோரே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 18ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் சட்டத்துக்கு மறைந்து நடந்த வேலியோரப் பள்ளிகளைக் காத்தவர் ஆசிரியரா, பெற்றோரா? பெற்றோரே என்று வாதிட வந்திருக்கிறேன்.

கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதை, புராட்டஸ்டன்ட் ஆட்சியாளரின் 1695ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. மீறினால் 20 பவுண்டு அபராதம், மூன்று மாதச் சிறை. ஆகவே வேலி மறைவிலும் கொட்டகையிலும் பாடம் நடக்க, ஒரு பிள்ளை வெளியே காவல் நின்றது. ஆசிரியரின் துணிவை நான் மறுக்கவில்லை.

ஆனால் எதிரணி நண்பர், "ஆசிரியர் சிறைக்கும் அஞ்சாமல் நின்றார், பெற்றோர் கொடுத்தது என்ன? அடுப்பெரிக்க ஒரு மண்கட்டி!" என்றார். அவையும் கைதட்டியது. மட்கிய செடிகொடிகளால் ஆன, விறகுபோல் எரியும் அந்த மண்கட்டியைப் பற்றியே பேசுகிறேன்.

காடுகள் அழிந்துபோன அந்நாட்டில், சதுப்பு நிலத்தில் இறங்கி, ஈர மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி, பரப்பி, புரட்டி, குவித்து, வாரக்கணக்கில் காற்றில் உலர்த்தி, முதுகில் சுமந்து வீடு சேர்த்தால்தான் அது எரியும். இடையில் மழை பிடித்துக்கொண்டால் பட்ட பாடெல்லாம் வீண். உருளைக்கிழங்கு வெந்ததும் அதில்தான், குளிர்கால இரவில் குழந்தைகள் உறங்கியதும் அதன் சூட்டில்தான். நான்கு பிள்ளைகள் படித்தால், விடியும்போது நான்கு கட்டிகள் வீட்டு அடுப்பை விட்டுப் பள்ளி அடுப்புக்குப் போயின. அதற்கு மேல் கட்டணமும் உண்டு. காசில்லாதவர் வெண்ணெயும் முட்டையும் கொடுத்தார்கள். இதையா நண்பர் வெறும் மண்கட்டி என்கிறார்?

இன்னொன்றையும் அவர் மறந்தார். கத்தோலிக்க ஆசிரியரைக் காட்டிக் கொடுப்பவருக்கு 10 பவுண்டு பரிசு என்றது 1709ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பணத்தையும் கத்தோலிக்கக் குடிகளிடமே வசூலிக்கச் சொன்னது. வீடு வீடாக முறைவைத்து ஆசிரியருக்குச் சோறும் படுக்கையும் கொடுத்த ஊருக்கு, அவர் இன்று எந்த வீட்டில் உறங்குகிறார் என்பது தெரியாதா? வறுமையில் கிடந்த அந்த ஊர் வாய் திறந்திருந்தால் பள்ளி ஏது, ஆசிரியர் ஏது?

1733ஆம் ஆண்டு அரச சாசனத்தின்கீழ் நிறுவப்பட்ட சாசனப் பள்ளிகள் உணவும் உடையும் இலவசமாகத் தந்தன, பிள்ளை மதம் மாறி வளரவேண்டும் என்ற நோக்கத்தோடு. வாடிய வயிற்றோடும் அவற்றை வேண்டாமென்று, கையில் இருந்ததைக் கொடுத்து வேலியோரத்துக்கே பிள்ளையை அனுப்பிய தாய்மார் எத்தனை பேர்! தன் பெயரை எழுதத் தெரியாத அந்தத் தாய், தன் மகன் லத்தீன் படிப்பதைக் கேட்டு, பொருள் விளங்காமலே கண்கலங்கியிருக்க மாட்டாளா? ஆசிரியர்களின் பெயர்கள் சிலவாவது ஏட்டில் நிற்கின்றன. அவள் பெயர் எங்கும் இல்லை. நடுவர் அவர்களே, இன்றைய தீர்ப்பை அவளுக்குத் தாருங்கள்.