அக்காவின் சாட்சியும் என் மூஞ்சியும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் நிற்கிறேன், சில்வர் பீச் என்றால்தான் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். காற்று மைக்கில் அடிக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் சபையில் சாட்சி நேரம், கர்த்தர் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சொல்கிற நேரம். பண்ருட்டிப் பக்கமிருந்து கடலூருக்குக் குடிவந்த ஒரு அக்கா எழுந்தார். முந்திரி உடைக்கிற கை. கொட்டைத் தோலின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்திருக்கும், மைக்கைப் பிடித்தபோது அதுதான் முதலில் கண்ணில் பட்டது. சபைக்கு வந்து 4 மாதம்தான். மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லி அழுதுகொண்டே உட்கார்ந்தார். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள், நானும் சொன்னேன், வாயால். உள்ளே ஓடியது வேறு: நல்ல வேலைக்காக 11 வருடமாக ஜெபிக்கிறேன், உபவாசம் இருக்கிறேன், நாற்காலி போடுவதிலிருந்து ஸ்பீக்கர் தூக்குவது வரைக்கும் நான்தான், வந்த 4 மாதத்தில் இவருக்கா?

அன்றைக்கு ராத்திரி மத்தேயு 20 எடுத்தேன். இயேசு சொன்ன திராட்சத்தோட்டத்துக் கூலியாட்கள் உவமை. விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு பணம் (ஒரு நாள் கூலி), பதினோராம் மணி வேளையில், அதாவது சாயங்காலம் 5 மணிக்கு வந்தவனுக்கும் அதே ஒரு பணம். நம் ஊர் முந்திரித் தோப்பில் இப்படிக் கூலி கொடுத்தால் மறுநாள் காலையில் ஒருத்தரும் வரமாட்டார்கள், அது வேறு விஷயம். ஆனால் முதலில் வந்தவனுக்குப் பேசின கூலியில் ஒரு காசு குறையவில்லை. பக்கத்து ஆள் கையைப் பார்த்த பிறகுதான் தன் கையில் இருந்தது சிறுத்துப்போனது. "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்று எஜமான் கேட்கிற இடத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. வன்கண்ணன் என்றால் பொறாமைக் கண்ணோடு பார்க்கிறவன். பாட்டில் கிருபை கிருபை என்று பாடிவிட்டு, போட்ட நாற்காலிகளையெல்லாம் கூலிக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன்!

அப்புறம் ஆதிச் சபையின் ஊழியக்காரன் பர்னபா, அப்போஸ்தலர் 11. ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்ட பிறகு வந்த உபத்திரவத்தில் சிதறிப்போன, பெயர்கூட எழுதப்படாத ஆட்கள் அந்தியோகியாவில் கிரேக்கரிடம் பேசி, அங்கே ஒரு பெரிய கூட்டமே கர்த்தரிடம் திரும்புகிறது. எருசலேமிலிருந்து அனுப்பப்பட்டுத்தான் பர்னபா போகிறான், அவன் ஆரம்பித்த வேலையே இல்லை அது. குறை சொல்ல நினைத்திருந்தால் நூறு கிடைத்திருக்கும். தேவனுடைய கிருபையைக் கண்டபோது சந்தோஷப்பட்டான் என்கிறது 23ஆம் வசனம். அதோடு விட்டானா? தர்சுவுக்குப் போய் சவுலை, பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்டவனை, தேடிக் கூட்டி வருகிறான், பிற்பாடு அந்த சவுலின் பெயர்தான் இவன் பெயரைவிடப் பெரிதாகப் பேசப்பட்டது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்த மனசு இன்னும் வரவில்லை.

ஆனாலும் போன ஞாயிறு எழுந்து நின்றேன். வேலை கிடைத்துவிட்டதா என்பதுபோல் பாஸ்டர் பார்த்தார். "அக்கா மகனுக்கு வேலை கிடைத்ததற்காக ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன், குரல் கொஞ்சம் நடுங்கியது.

ஆராதனை முடிந்ததும் அக்கா ஒரு கவரில் உடைந்த முந்திரியைக் கொண்டுவந்து கையில் திணித்தார். திணித்துவிட்டு, "ஏன் தம்பி, அன்னைக்கு நான் சாட்சி சொன்னப்ப மூஞ்ச ஏன் அப்படி வெச்சிருந்த?" என்று கேட்டார்.