பட்டப்பகலில் வற்றும் கடல்

நேயர்களுக்கு வணக்கம். ஹாங்காங் தீவின் தென்கிழக்கு மூலையில் கேப் டி அகிலார் என்றொரு முனை இருக்கிறது. அங்குள்ள பாறைகளில் ஒட்டிக் கிடக்கும் ஒரு நத்தையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நத்தை என்றாலும் முதுகில் சுருள் கிடையாது. கூம்புத் தொப்பி மாதிரி ஒரே ஓடு. லிம்பெட் என்பார்கள். இந்த இனத்துக்கு செல்லானா கிராட்டா என்று பெயர்.

இதற்கு வேலையே மேய்ச்சல்தான். பாறையில் படிந்த பாசியை, பல் பதித்த நாக்கால் சுரண்டித் தின்னும். அந்தப் பல்லில் இரும்புச் சத்து ஏறியிருக்கிறது, கல்லையே தேய்த்துவிடும்! கடல் ஏறும்போது அலையோடு மேலே போகும். வற்றும்போது கூடவே இறங்கும். ஈரம் இருக்கும்வரைதான் சாப்பாடு.

ஆடு மாடுகளுக்கு மழை பொய்த்தால் பஞ்சம். இதற்கோ, கடல் எத்தனை மணிக்கு வற்றுகிறது என்பதில் இருக்கிறது உயிர். குளிர்காலத்தில் அங்கே பெரிய வற்றம் இரவில் வரும். வடகிழக்குக் காற்று அலையை வாரி இறைக்க, பாறையில் பாசி தழைக்கும். கோடையில் அதே வற்றம் பட்டப்பகலுக்கு மாறிவிடுகிறது. பாறை 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பாசியும் கருகும், சூட்டோடு பட்டினியும் சேர்ந்துகொள்ளும்.

அப்போது லிம்பெட் ஓட்டைத் தூக்கிக்கொண்டு காளான் மாதிரி நிற்கும். உடம்பு ஈரம் ஆவியாகச் சூடு கொஞ்சம் தணியும். நம் மண்பானைக் கணக்குதான். ஆனால் பானைத் தண்ணீர் எவ்வளவு நேரத்துக்கு வரும்? அப்புறம், திடீரென்று மழை கொட்டினால் நமக்கு நிம்மதி, இதற்கு அதுவும் சோதனை. நல்ல தண்ணீர் ஆகாதே. ஓட்டைப் பாறையோடு இறுக்கிக்கொண்டாக வேண்டும்.

அலையில்லாத, வெயில் கொளுத்தும் நாளில் இவை கூட்டமாகச் சாகும். ஆனால் ஒரு முழம் தள்ளி, செங்குத்துப் பக்கத்திலோ பிளவிலோ இருந்தவை பிழைத்துக் கிடக்கும். அதனால் வானிலை அறிக்கையின் வெப்பநிலையை மட்டும் வைத்து இவற்றின் எண்ணிக்கையைக் கணிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அது நிழலில், காற்றில் எடுத்த அளவு. நத்தை இருப்பதோ கல்லின் மேல்.

சரி, மேய்பவை செத்தால் பாசிக்குக் கொண்டாட்டம்தானே? 1946இல் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவிலுள்ள மான் தீவில், கரையின் ஒரு பட்டையிலிருந்து லிம்பெட்டுகளை அகற்றிப் பார்த்தார்கள். மொட்டைப் பாறை கடற்பாசிக் காடாயிற்று. ஹாங்காங் கோடையில் அது நடக்காது. லிம்பெட்டைக் கொன்ற வெயில் பாசியையும் விடுவதில்லை. வற்றம் திரும்ப இரவுக்குப் போகும்வரை பாறையின் மேல்பகுதியில் இலைப்பாசியைத் தேட வேண்டாம்.