துண்டுக்கு அடியில் ஒரு விடுதி அறை

வணக்கம் நேயர்களே.

மணப்பாறை மாட்டுச் சந்தையில் தரகர்கள் பேரம் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். வாய் திறக்கமாட்டார்கள். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைகளின் மேல் போட்டுக்கொண்டு, அதற்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு மாடு தெரியும், ஆள் தெரியும். விலை மட்டும் தெரியாது. என் அப்பா அந்தச் சந்தைக்குப் போய்ப் பழகியவர். அமெரிக்காவில் நான் மலிவு விலைக்கு அறை பிடிக்கும் விதத்தைச் சொன்னபோது, இந்தத் துண்டு வியாபாரம்தான் அவருக்கு நினைவு வந்தது. ஒரே வித்தியாசம், அங்கே மாட்டையும் சேர்த்துத் துண்டுக்கு அடியில் மறைத்துவிடுகிறார்கள்.

ஹோட்டல் என்றால் நம் ஊரில் இட்லி கிடைக்கும் இடம். ஆகவே தங்கும் இடத்தை இந்த உரை முழுக்க விடுதி என்றே சொல்கிறேன்.

1998இல் ஜே வாக்கர் என்ற தொழில்முனைவர் பிரைஸ்லைன் என்ற இணையதளத்தைத் தொடங்கினார். வாங்குபவரே விலையைச் சொல்லலாம், விற்பவர் விரும்பினால் ஏற்றுக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம். அந்த முறைக்கு அதே ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கினார். பேரம் பேசுவதற்குக் காப்புரிமையா என்று அப்பா கேட்டார்; எனக்கும் பதில் தெரியவில்லை. முதலில் விமான டிக்கெட், பிறகு விடுதி அறை, வாடகைக் கார். இடையில் மளிகையையும் பெட்ரோலையும்கூட இப்படி விற்றுப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டிலேயே அந்தக் கடையை மூடிவிட்டார்கள். அரிசி மூட்டையில் தோற்றது அறையில் ஜெயித்ததற்குக் காரணம் இருக்கிறது.

விற்காத அரிசி நாளைக்கும் அரிசிதான். மீந்துபோன சோற்றில்கூடத் தண்ணீர் ஊற்றிவைத்தால் காலையில் பழையது ஆகும். விற்காத இரவை என்ன செய்ய முடியும்? விடிந்தால் போயிற்று. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கட்டடத்துக்கு வட்டி, ஊழியருக்குச் சம்பளம். ஆகவே காலி அறையைப் பாதி விலைக்குத் தள்ளினாலும் விடுதிக்கு லாபமே. ஆனால் 250 டாலர் கொடுத்து வழக்கமாக வரும் கம்பெனி அதிகாரி, அதே அறை 90 டாலருக்குப் போவதைப் பார்த்துவிட்டால் அடுத்த முறை 250 கொடுப்பாரா? அதனால்தான் பெயரை மறைக்கிறார்கள். அந்த அதிகாரிக்கு இந்த விடுதியில்தான் தங்க வேண்டும், அடிக்கடி தங்குகிறவருக்கு விடுதி கொடுக்கும் உறுப்பினர் புள்ளிகளும் சேர வேண்டும். பெயர் தெரியாத இடத்துக்கு அவர் பணம் கட்டமாட்டார். எங்கே படுத்தாலும் சரி என்கிற நம்மைப் போன்றவர்கள் கட்டுவோம். நமக்குக் கிடைக்கும் தள்ளுபடி, தெரியாமல் இருக்கச் சம்மதித்ததற்கான கூலி.

நான் அப்போது இண்டியானாபொலிஸில் வேலையில் இருந்தேன். 2009 ஜனவரியில் இரண்டு நாள் சிகாகோ போக வேண்டியிருந்தது. மிச்சிகன் ஏரியிலிருந்து வரும் காற்று காதை அறுக்கும் மாதம். போதாததற்குப் பொருளாதாரச் சரிவு வேறு. அறைகள் காலியாகக் கிடக்கும் என்று தெரியும். பிரைஸ்லைனில் சிகாகோவைப் பல வட்டாரங்களாகப் பிரித்திருந்தார்கள். வட்டாரத்தையும் நட்சத்திரத் தரத்தையும் தேர்ந்தெடுத்து, விலையை எழுதி, கடன் அட்டை எண்ணைக் கொடுக்க வேண்டும். விலை ஏற்கப்பட்டால் அந்த நொடியே பணம் போய்விடும். அதன் பிறகுதான் விடுதியின் பெயர் தெரியும். ரத்து கிடையாது, மாற்றம் கிடையாது. நாம் எழுதும் விலையை எந்த மேலாளரும் உட்கார்ந்து படிப்பதில்லை. விடுதிகள் தங்கள் ரகசிய விலையை முன்கூட்டியே கணினியில் ஏற்றியிருக்கும். நாம் அதற்கு மேல் எழுதினால், மிஞ்சும் தொகை இடையில் இருக்கும் நிறுவனத்துக்கு.

விலை மறுக்கப்பட்டால்? அதே கோரிக்கையோடு மறுபடி கேட்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஐந்து ஐந்து டாலராக ஏற்றி ரகசிய விலையைக் கண்டுபிடித்துவிடக் கூடாது அல்லவா? ஆனால் தேதியையோ தரத்தையோ வட்டாரத்தையோ மாற்றினால் உடனே கேட்கலாம். இந்தச் சந்தில்தான் ஆட்கள் புகுந்தார்கள். எனக்கு நகர மையத்தில் 4 நட்சத்திர அறை வேண்டும். 50 டாலர் எழுதினேன், மறுப்பு. இப்போது இன்னொரு வட்டாரத்தைக் கூடுதலாகச் சேர்த்தால் 55 கேட்க அனுமதி உண்டு, ஆனால் அந்த வட்டாரத்திலேயே அறை விழுந்துவிடும் அபாயமும் உண்டு. 4 நட்சத்திர விடுதியே இல்லாத வட்டாரமாகப் பார்த்துச் சேர்த்தால்? அங்கே விழ வழியே இல்லை. செலவில்லாமல் இன்னொரு வாய்ப்பு! அப்படிப்பட்ட வட்டாரம் எது என்பதையும் அந்தத் தளமே காட்டிக்கொடுத்தது. ஒரு வட்டாரத்தை மட்டும் குறித்துப் பார்த்தால், அங்கே இல்லாத தரங்களைத் தேர்ந்தெடுக்க முடியாதபடி மங்கலாக்கி வைத்திருந்தார்கள். ஓஹேர் விமான நிலையத்தை ஒட்டிய வட்டாரத்தை மட்டும் தொடக்கூடாது. அங்கே நல்ல விடுதிகள் உண்டு, நகரத்துக்கு வர ஒரு மணி நேரம் ரயிலில் உட்கார வேண்டும். ஒவ்வொரு வட்டாரமாகச் சேர்த்துக்கொண்டே போனேன். மூன்றாவது முயற்சியில், 60 டாலருக்குக் கதவு திறந்தது. வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்து 75ஐ நெருங்கியது. ஆற்றைப் பார்த்த ஜன்னல். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை, பெருமைதான்.

2000இல் விமான நிறுவனங்கள் சில சேர்ந்து தொடங்கிய ஹாட்வயர் என்ற தளம் வேறு வழியில் போனது. அங்கே விலை கண்ணுக்குத் தெரியும்; பெயர் மட்டும் தெரியாது. பேரத்துக்கு இடமில்லை, துப்பறிய இடமுண்டு. நட்சத்திரம், வட்டாரம், நீச்சல் குளம் உண்டா, நாய் கொண்டுவரலாமா என்ற குறிப்புகளை எல்லாம் கொடுத்திருப்பார்கள். அதே வட்டாரத்தில் பெயரோடு விற்கப்படும் விடுதிகளின் பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், பல நேரம் இரண்டு மூன்று பெயர்களுக்குள் வந்து நிற்கும். 4 நட்சத்திரத்தில் நீச்சல் குளமும் நாய்க்கு அனுமதியும் சேர்ந்து ஒரே ஒரு விடுதிக்குத்தான் இருக்கிறது என்றால், துண்டை விலக்கிவிட்ட மாதிரிதான்.

பிரைஸ்லைனின் பேரம் இப்போது இல்லை. பேரக்காரராக விளம்பரத்தில் வந்துகொண்டிருந்த நடிகர் வில்லியம் ஷாட்னரை, 2012இல் பேருந்தோடு பாலத்திலிருந்து விழுந்து இறப்பதாகவே காட்டினார்கள். பிறகு அவர் உயிரோடு திரும்பி வந்தார், பேரம்தான் பிழைக்கவில்லை. விமான டிக்கெட்டுக்கு 2016இல் நிறுத்தினார்கள், பின்னர் அறைகளுக்கும் நின்றுபோனது. கைப்பேசியில் அவசரமாக அறை தேடுகிறவருக்குப் பத்து முறை விலை எழுதப் பொறுமை இல்லை என்பது என் எண்ணம். விலையைக் காட்டிப் பெயரை மறைக்கும் முறை மட்டும் இரண்டு தளங்களிலும் தொடர்கிறது. லண்டன் போகிறவர்களுக்கு லாஸ்ட்மினிட் தளத்திலும் இப்படி ரகசிய விடுதிகள் உண்டு.

பணம் கட்டும் முன் கடைசிப் பக்கத்தின் மொத்தத் தொகையைப் பாருங்கள். சிகாகோவில் அறை மீதான வரியே 17 சதவீதத்துக்கு மேல். சில நகரங்களில் வசதிக் கட்டணம் என்று விடுதியில் தனியாக வாங்குவார்கள். காரில் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: நகர மையத்து விடுதிகளில் ஓர் இரவு கார் நிறுத்த 50 டாலரைத் தாண்டுவது சாதாரணம், மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். நகரத்தில் பெரிய கண்காட்சி நடக்கும் வாரத்தில் இந்தத் தளங்களை மறந்துவிடலாம். மே மாதம் மெக்கார்மிக் பிளேஸ் என்ற கண்காட்சி வளாகத்தில் உணவகத் தொழில் கண்காட்சி நடக்கும்போது சிகாகோவில் யாரும் பெயரை மறைத்து விற்கத் தேவையில்லை.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். அப்பாவும் அம்மாவும் சித்திரை பிறந்த கையோடு அமெரிக்கா வந்திருந்தார்கள். சிகாகோ காட்டலாம் என்று பெயர் தெரியாத அறை ஒன்றை எழுதிக் கேட்டேன். 85 டாலர், முதல் முயற்சியிலேயே கிடைத்தது. போய்க் கதவைத் திறந்தால் ஒரே ஒரு கட்டில். அகலமான கட்டில்தான், ஆனால் நாங்கள் மூன்று பேர். இரண்டு பேருக்குத்தான் உத்தரவாதம், கட்டில் எத்தனை என்பதற்கு உத்தரவாதமே இல்லை என்று விதியில் தெளிவாக எழுதியிருந்தது; படிக்காதது என் குற்றம். முன்பதிவு ஆனவுடனே விடுதியைத் தொலைபேசியில் அழைத்து இரண்டு கட்டில் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், நிறையப் பேர் கொடுக்கிறார்கள். நான் நேரில் கேட்டபோது அறைகள் தீர்ந்திருந்தன. மடக்குக் கட்டிலுக்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. போர்வையைத் தரையில் விரித்துப் படுத்துவிட்டார்.

விளக்கை அணைத்த பிறகு, எவ்வளவு கேட்டாய் என்றார் அப்பா. 85 என்றேன். எத்தனை முறை கேட்ட பிறகு இறங்கினார்கள் என்றார். முதல் விலைக்கே சம்மதித்துவிட்டார்கள் என்று பெருமையோடு சொன்னேன். இருட்டில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"முதல் விலைக்கே தலையாட்டினார்களா? அப்படியானால் நீ கூடக் கொடுத்திருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.